போல் வால்ட்: உயரம் ஓடுபாதையில்தான் இருக்கிறது

போல் வால்ட் (நீளக் கம்பை ஊன்றி உயரம் தாண்டுவது) பண்ணுகிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு உயரம் தாண்டுவ?" என்பதுதான். புதிதாகக் கற்க வரும் பிள்ளைகளும் அதே நினைப்போடுதான் வருகிறார்கள். ஓட ஆரம்பிக்கும்போதே கண், தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியான பாரின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. பள்ளியில் தொடங்கி கல்லூரி முடியும்வரை இதிலேயே கிடந்து, இப்போது வார இறுதிகளில் கிரவுண்டுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து பதினாறு வயதில் உயரம் கூட வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பாரைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள். ஓட்டத்தின் கடைசி ஆறு அடிவைப்பைச் சரி செய்யுங்கள். மேலே போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்கும் தவறுகளில் பெரும்பாலானவை கால் தரையை விடுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை, கணக்கே இருக்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் சமாசாரம்தான். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வருபவரின் ஆற்றல் முழுவதையும் உயரமாக மாற்ற முடிந்தால் சுமார் 2.5 மீட்டர் கிடைக்கும். நிற்கும்போதே நம் உடலின் எடைமையம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக மொத்தம் மூன்றரை மீட்டர். வேகம் 8 ஆனால் இந்தக் கணக்கு நாலேகால் மீட்டரைத் தொடும். 9 ஆனால் ஐந்தைத் தாண்டிவிடும். போல் வளைந்து நிமிர்வதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகும், கையால் இழுத்துத் தள்ளுவதில் கொஞ்சம் சேரும். அதை விட்டுவிடலாம். வேகம் ஒரு மீட்டர் கூடும்போது உயரம் முக்கால் மீட்டருக்கு மேல் கூடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. காற்றில் எந்த வித்தை காட்டினாலும் அவ்வளவு கிடைக்காது.

நம்மூர் உயரங்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வி.எஸ். சுரேகா 2014-இல் 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை வைத்தார். 2022 காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் ரோசி மீனா பால்ராஜ் 4.20 தாண்டி அதை முறியடித்தார். அதே போட்டியில் சிவ சுப்பிரமணியம் ஆண்களில் 5.31. மூவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா ஆண்கள் சாதனையை எடுத்துக்கொண்டார். ஸ்வீடனின் டுப்லான்டிஸ் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 தாண்டியதை எல்லோரும் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அவர் பாருக்கு மேலே உடம்பை வளைப்பதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். கையில் அவ்வளவு நீளப் போலைப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடி வருகிறாரே, அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு விடுகிறோம்.

எங்கள் பள்ளியில் ஃபைபர் போல் கிடையாது. பந்தல்காரரிடம் கேட்டு வாங்கிய மூங்கில்தான். கணுவையெல்லாம் சீவி, அடியில் சைக்கிள் டியூப் சுற்றி, லாங் ஜம்ப் மணல் குழியில் ஊன்றித் தாண்டுவோம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-இல் 4.77 மீட்டர் தாண்டியது மூங்கில் போலில்தான். அந்தச் சாதனை 15 வருடம் நின்றது.

மூங்கில் அவ்வளவாக வளையாது. நாம் தாவினால்தான் அது நகரும். தாவாமல் போய்த் தொங்கினால் தோளைப் பிடுங்கிவிடும், அல்லது வந்த வழியிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் 'போல் நம்மைத் தூக்கிவிடும்' என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. இன்றைக்கு எடுத்தவுடனே ஃபைபர் போலைத் தொடும் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு வந்துவிடுகிறது. "அக்கா, போல் வளையவே மாட்டேங்குது" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் புகார். வளைக்க வேண்டும் என்பதற்காகவே உடல் எடைக்குக் குறைந்த, மெத்தென்ற போலை எடுப்பார்கள். அது வில்லாக வளையும், ஃபோட்டோவும் நன்றாக வரும். உயரம் வராது. எங்கள் மாஸ்டர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "நீ மேல தாவு, அது தன்னால வளையும்."

நீங்களும் மூங்கிலில் ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் வெடிப்பு இல்லாத மூங்கில், மணல் குழி, தாழ்வான பிடி, ஆறு அடிவைப்பு ஓட்டம். அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த மூங்கில் சொல்லாமல் ஒடியும்.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். வலது கையை மேலே வைத்துப் பிடிப்பவர்கள் இடது காலில் எழும்ப வேண்டும். (இடது கைக்காரர்கள் நான் சொல்வதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.) எத்தனை அடி (அடிவைப்பு) ஓடுகிறோம் என்பதை இடது காலை மட்டும் எண்ணிக் கணக்கு வைப்பது வழக்கம். மூன்று இடது என்றால் ஆறு அடி, ஆறு இடது என்றால் பன்னிரண்டு. உலகத் தரத்தில் இருப்பவர்கள் பதினாறிலிருந்து இருபது அடிவரை ஓடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை நீட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. உங்களால் வேகத்தையும் நிதானத்தையும் கடைசிவரை காப்பாற்ற முடிகிற நீளம்தான் உங்கள் ஓட்டம். பன்னிரண்டு அடியில் பாக்ஸுக்கு (ஓடுபாதையின் முடிவில் போலை ஊன்றும் பள்ளம்) வரும்போது வேகம் குறைகிறது என்றால் எட்டு அடியே உங்களுக்கு அதிக உயரம் தரும்.

இடது காலை இறங்குவரிசையில் எண்ணுங்கள். ஆறு, ஐந்து, நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. ஒன்று என்பது எழும்பும் கால். இப்படி எண்ணினால் 'இரண்டு' வந்ததும் கை மேலே கிளம்ப வேண்டும் என்று உடம்புக்கே பழகிவிடும். ஒன்றிலிருந்து மேலே எண்ணிப் போனால் கடைசியில் பதற்றத்தில் எண்ணிக்கை குழம்பும்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு குறி வைப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது நடுக்குறி, அதாவது கடைசி ஆறு அடி எங்கே தொடங்குகிறது என்ற குறி. இதை நீங்கள் பார்க்கக் கூடாது. கோச்சோ கூட இருக்கும் நண்பரோ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கால் அந்தக் குறிக்கு முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தவறு எங்கே என்று புரியும். நடுக்குறியில் சரியாக வந்து, எழும்பும் இடத்தில் தப்பினால் கடைசி ஆறு அடியில் பிரச்சினை. நடுக்குறியிலேயே தப்பினால் ஆரம்பத்தில் பிரச்சினை. இந்த வித்தியாசம் தெரியாமல் தொடக்கக் குறியையே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு ஒரு சீசனையே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழும்பும் இடம் எது? இதற்கு டேப் கணக்கு எதுவும் வேண்டாம். போலின் அடியை பாக்ஸின் பின்சுவரில் வைத்து, நீங்கள் பிடிக்கும் இடத்திலேயே மேல் கையைப் பிடித்து, கையைத் தலைக்கு மேல் முழுசாக நீட்டி, நிமிர்ந்து நில்லுங்கள். மேல் கைக்கு நேர் கீழே இடது காலின் முன்பாதம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. அவ்வளவுதான். பிடியை உயர்த்தினால் இந்தக் கோடும் கொஞ்சம் பின்னால் போகும். அதை மறந்துவிட்டுப் பிடியை மட்டும் உயர்த்துகிறவர்கள் பாக்ஸுக்குள் மாட்டிக்கொள்வார்கள். கோட்டுக்கு முன்னால் போய், கைக்கு ரொம்ப உள்ளே நின்று எழும்புவதை நாங்கள் 'அண்டர்' என்போம். ஒரு அடி தூரம் அண்டர் போனால் போதும், அதிர்ச்சி முழுக்க முதுகும் தோளும் வாங்கும். இளம் வயதில் வரும் இடுப்பு வலியில் பாதி இதனால் வருவது என்பது என் அனுபவம்.

போலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தனிக் கலை. தொடங்கும்போது போலின் முனை நன்றாக மேலே இருக்கட்டும். முனை மேலே இருந்தால் போல் கனக்காது. ஓட ஓட அதுவாக இறங்கி வர வேண்டும். ஆரம்பத்திலேயே முனையை நேராக நீட்டிப் பிடித்தால் அதன் கனம் இடது கையில் இறங்கி, உடம்பு பின்னால் சாய்ந்து, அடி நீளமாகி, வேகம் போய்விடும். எங்கள் மாஸ்டர் வாரத்தில் ஒருநாளாவது பாக்ஸ் பக்கமே விடமாட்டார். டிராக்கில் போலோடு ஓட்டம் மட்டும்தான். முழங்கால் உயர வேண்டும், தோள் ஆடக் கூடாது, போல் முனை பக்கவாட்டில் அலையக் கூடாது. சலிப்பாகத்தான் இருக்கும். போல் இல்லாத ஓட்டத்துக்கும் போலோடு ஓடும் ஓட்டத்துக்கும் நேர வித்தியாசம் குறையக் குறைய உயரம் கூடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்து பிளான்ட், அதாவது போலை பாக்ஸில் ஊன்றுவது. இந்த விளையாட்டில் எதையாவது ஒன்றை மட்டும் சொல்லித்தர வேண்டும் என்றால் இதைத்தான் சொல்லித்தருவேன். கடைசி மூன்று அடி: இடது, வலது, இடது. முதல் இடது காலில் இடுப்புப் பக்கம் இருக்கும் கை மேலே கிளம்புகிறது. வலது காலில் மேல் கை காதோரம் வந்துவிட வேண்டும். கடைசி இடது கால் தரையைத் தொடும்போது கை தலைக்கு மேலே முழுசாக நீண்டிருக்க வேண்டும். கடைசி அடி சற்றே குட்டையாக, சட்டென்று விழ வேண்டும். போல் முனை பாக்ஸின் பின்சுவரில் முட்டிய பிறகு கையை உயர்த்தலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. உலக சாதனைகள் வைத்த செர்கெய் புப்காவுக்கும் பிறகு பெண்களில் இசின்பாயெவாவுக்கும் பயிற்சி கொடுத்த விட்டாலி பெட்ரோவ் இன்னும் ஒரு படி மேலே போனார். போல் முட்டுவதற்கு இம்மி முன்னாலேயே கால் தரையை விட்டுத் தாவியிருக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். பதினாறு வயதில் அது கைகூடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் திசையில் முயன்றால் குறைந்தது கை சீக்கிரம் மேலே போகும்.

இதற்கு கிரவுண்டே வேண்டாம், வீட்டு மொட்டை மாடி போதும். கையில் ஒரு குட்டைக் கம்பு. முதலில் நடந்துகொண்டே இடது, வலது, இடது. அப்புறம் மெல்லிய ஓட்டத்தில். தினமும் பல் விளக்குவதுபோலச் செய்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. கிரவுண்டில் என்றால், தரையில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு அதில் போல் முனையை ஊன்றித் தள்ளிக்கொண்டே போகும் பயிற்சி. துண்டு வழுக்கிப் போவதால் அதிர்ச்சி இல்லை, பயமும் இல்லை. கை நேரத்துக்கு மேலே போகிறதா என்பதை மட்டும் கவனிக்கலாம்.

இடது கையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. சிலர் போலை முன்னால் தள்ளு, அப்போதுதான் வளையும் என்பார்கள். சிலர் தளர விடு என்பார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவள். இடது கையை விறைத்துத் தள்ளும் பிள்ளைகளுக்கு மார்பு முன்னால் போகாது, கால் வீச்சு அடைபட்டுவிடும். இரண்டு கையும் மேல்நோக்கி அழுத்தட்டும், இடது முழங்கை லேசாக மடங்கினால் மடங்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. இதில் என்னோடு ஒத்துப்போகாத கோச்சுகள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

இனி பயம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று ஒருநாள் ஓடி வந்து, கடைசி நொடியில் போலைக் கீழே விட்டுவிட்டு மெத்தைப் பக்கம் ஓடிப்போய்விடும். அடுத்த முறையும் அதே. 'ரன் த்ரூ' என்போம். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். எனக்கும் வந்தது, கல்லூரி சேர்ந்த முதல் வருடத்தில். ஓட்டம் சரி, எண்ணிக்கை சரி. 'இரண்டு' வந்ததும் கை மேலே போக மறுக்கும். அப்போது ஓரமாக நின்று கத்தியவர்கள் உண்டு. "இவ்ளோ நாள் தாண்டுனல்ல, இப்ப என்ன?" என்று கேட்டால் அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் ஓடிப்போகப் போகிறேன்?

இதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் உடம்புக்கு ஒரு காரணம் தெரிந்திருக்கும், நமக்குத்தான் தெரிந்திருக்காது. வேகம் கூடியிருக்கும், குறியை மாற்றியிருக்க மாட்டோம். அண்டர் போய்க்கொண்டிருப்பதை உடம்பு உணர்ந்து, மோதுவதற்கு முன்னால் விட்டுவிடுகிறது. அல்லது போலை மாற்றியிருப்போம். எனக்கு உதவியது பின்னால் போனதுதான். பாரை எடுத்துவிட்டோம். மூன்று இடது, தாழ்ந்த பிடி, வளையாத போல். மெத்தையில் போய் உட்கார்ந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அது அலுத்துப்போகும் அளவுக்கு எளிதான பிறகு இரண்டடி கூட்டினோம். பாருக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு கட்டினோம். பாரில் இடிபடுவோம் என்ற பயம் அதில் இல்லை.

இப்போது பிள்ளைகளிடம் நான் வைத்திருக்கும் விதி: இரண்டு முறை தொடர்ந்து ரன் த்ரூ ஆனால், மூன்றாவது முறை அதே தூரத்திலிருந்து ஓடக் கூடாது. இரண்டடி குறை, பிடியை இறக்கு. ஓடி நிற்பதையே திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு அதைத்தான் கற்றுக்கொள்ளும். நல்ல தாண்டல் ஒன்று வந்ததும் அன்றைக்கு முழு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். "இன்னொண்ணு மட்டும் அக்கா" என்பார்கள். கூடாது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வேலிக்கு வெளியே நின்று வீடியோ எடுத்துக்கொண்டே கத்தாதீர்கள்.

காற்றில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழும்பிய இடது காலை நீட்டியபடியே பின்னாலிருந்து முன்னால் வீச வேண்டும், மடக்கக் கூடாது. நீண்ட கால் வீசும்போதுதான் இடுப்பு மேலே ஏறும். அப்புறம் தலைகீழாகி, போலோடு ஒட்டி மேலே போய், திரும்பி, தள்ளிவிட வேண்டும். தலையைப் பின்னால் போட்டுப் பாரைத் தேடினால் எல்லாம் கலைந்துவிடும். இதையெல்லாம் போலில் கற்பதைவிட ஜிம்னாஸ்டிக்ஸ் பாரிலும் கயிற்றிலும் கற்பது எளிது. இசின்பாயெவா பதினைந்து வயதுவரை ஜிம்னாஸ்ட். உயரம் அதிகமாகிவிட்டதால் இந்தப் பக்கம் வந்தவர். கயிற்றில் தொங்கிக்கொண்டு தலைகீழாவது, புல்-அப், தொங்கியபடி காலைக் கம்பிவரை கொண்டுபோவது, இந்த மூன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். பெண் பிள்ளைகளுக்குத் தோளில் வலு இல்லை, போல் வால்ட் சரிவராது என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் 2000-வரை பெண்களைச் சேர்க்காததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட பேச்சுதான். தொங்கத் தெரிந்தால் போதும், மீதி தானாக வரும்.

போல் விஷயம். நம்மூரில் தனக்கென்று போல் வைத்திருக்கும் இளம் வீரர் அபூர்வம். கிரவுண்டில் இருப்பதைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்கிறோம். எனவே என்ன இருக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும். போலின் மேல் நீளமும் எடையும் எழுதியிருக்கும், 12 அடி, 130 பவுண்டு என்பதுபோல. அந்த எடை, போலின் மேல் நுனிக்கு அருகில் பிடிப்பவருக்கானது. கீழே இறக்கிப் பிடித்தால் அதே போல் இன்னும் விறைப்பாகிவிடும். உங்கள் எடைக்குக் குறைவாக எழுதியிருக்கும் போலை முழு ஓட்டத்தில் எடுக்காதீர்கள். ரொம்ப விறைப்பாக இருந்தாலும் ஆபத்துதான். நிமிராமல் உங்களை ஓடுபாதைக்கே திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பினால் நடுவில் கையை விட்டுவிடக் கூடாது. போலைப் பிடித்தபடியே வந்து காலில் இறங்க வேண்டும்.

போலுக்கு இயல்பாக வளையும் பக்கம் ஒன்று உண்டு. இரண்டு முனையையும் ஏதாவது தாங்கலில் வைத்து உருட்டி விட்டால் கனமான வளைவு கீழே வந்து நிற்கும். அதைப் பார்த்து, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்பைக்ஸால் மிதித்த போல், கல்லில் விழுந்து கீறிய போல், இவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். ஃபைபரில் சின்ன வெட்டு போதும், வளையும்போது அங்கேதான் முறியும். தாண்டி முடித்ததும் போல் தரையில் மோதாமல் யாராவது பிடிக்க வேண்டும். இதைத் தாண்டியவரே கேட்டு வாங்க வேண்டியிருப்பது நம்மூர்ச் சங்கடம். வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டுபோவது அதைவிடச் சங்கடம். பஸ்ஸுக்குள் நுழையாது. நாங்கள் மூன்று நான்கு போலைச் சேர்த்து, பழைய போர்வை சுற்றி, வேனின் மேல் கட்டிக்கொண்டு போவோம். இரண்டு இடத்தில் கட்டினால் போதாது, நடுவிலும் ஒரு கட்டு வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. வியர்வை. வெறும் சாக் பவுடர் சிறிது நேரத்தில் களிம்பாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் கையையும் போலையும் காய்ந்த துண்டால் துடைத்துவிட்டு அப்புறம் பவுடர் போடுங்கள். பிடி நழுவும் என்ற சந்தேகம் இருந்தால் ஓடவே வேண்டாம். மெத்தையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இரண்டு மெத்தைக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, பாக்ஸைச் சுற்றிப் பஞ்சு இருக்கிறதா, ஸ்டாண்டின் இரும்பு அடி திறந்து கிடக்கிறதா. சரியில்லை என்றால் சொல்லுங்கள். சொல்பவரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள், பரவாயில்லை. இறங்கும்போது முதுகில் இறங்க வேண்டும். காலில் இறங்கினால் கணுக்கால் போகும்.

போட்டியில் பாதி, காத்திருப்பதுதான். ஒரே உயரத்தில் இருபது பேர் என்றால் உங்கள் முறை வர அரை மணி ஆகலாம். அதற்குள் உடம்பு ஆறிவிடும். உங்களுக்கு முன்னால் மூன்று நான்கு பேர் இருக்கும்போது எழுந்து இரண்டு சின்ன ஓட்டம் போடுங்கள். பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிடம்தான். தொடக்க உயரத்தைக் குறைத்த ஓட்டத்திலேயே பயிற்சியில் தாண்டும் உயரமாக வையுங்கள். முதல் உயரத்திலேயே மூன்று முறையும் தவறினால் பெயருக்கு நேரே உயரமே இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். சமமான உயரத்தில் முடிந்தால் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று பார்ப்பார்கள். எனவே முதல் முயற்சிக்கு மதிப்பு அதிகம்.

பாரை பாக்ஸின் பின்சுவரிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 சென்டிமீட்டர்வரை தள்ளிவைக்கலாம். எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதிகாரியிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை, வைத்த இடத்திலேயே தாண்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏறும்போது பாரில் முட்டினால் பாரை இன்னும் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது பாரின் மேல் விழுந்தால் உங்கள் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் போல் நிமிரவே இல்லை என்றால் பாரை நகர்த்திப் பயன் இல்லை. பிடியை இறக்குங்கள், அல்லது மெல்லிய போலுக்கு மாறுங்கள். எதிர்க்காற்று வீசும் நாளில் இது கட்டாயம் நடக்கும்.

கடைசியாக, எல்லோர் கையிலும் இருக்கும் ஃபோன். பார் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுப்பதை நிறுத்துங்கள். எழும்பும் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். இடது கால் தரையை விடும் அந்த ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். மேல் கைக்கு நேர் கீழே பாதம் இருக்கிறதா? மேல் கை முழுசாக நீண்டிருக்கிறதா? உடம்பு நிமிர்ந்து, வலது முழங்கால் முன்னே உயர்ந்திருக்கிறதா? ஒரே பயிற்சியில் பல தாண்டல்களில் இந்த மூன்றும் சரியாக இருந்து, மெத்தையின் நடுவைத் தாண்டியும் போய் விழுகிறீர்கள் என்றால் பிடியை நான்கு விரல் உயர்த்துங்கள், கோட்டையும் மறக்காமல் பின்னால் தள்ளிப் போடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பழைய பிடியிலேயே அடுத்த வாரமும்.